பால் சொசைட்டி டேட்டாபேஸில் மொத்தத் தொகை மூன்று மடங்காக வருவது ஏன்?

பால் டேபிளையும் தீவனக் கடன் டேபிளையும் ஒரே ஜாயினில் (JOIN, டேபிள்களை இணைப்பது) உறுப்பினர் டேபிளோடு சேர்த்ததுதான் காரணம். சம் (SUM) சரியாகத்தான் கூட்டுகிறது, வரிசைகள்தான் பெருகிவிட்டன.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு உறுப்பினர் காலை, மாலை என பத்து நாள் பால் ஊற்றினால் 20 வரிசை. அதே பத்து நாளில் தீவனம் 3 முறை எடுத்திருந்தால் ஜாயினில் 60 வரிசை ஆகிவிடும். பால் தொகை 3 மடங்கு, கடன் 20 மடங்கு! பாவம், பட்டுவாடா அன்று அவர்தான் சொசைட்டிக்குக் காசு கட்ட வேண்டியிருக்கும்.

சோதித்துப் பாருங்கள்: ஒரே ஒரு உறுப்பினர் எண்ணைக் கொடுத்து, சம் இல்லாமல், வரிசைகளை எண்ணும் கவுண்ட் (COUNT) மட்டும் போடுங்கள். அவருடைய பால் வரிசை, கடன் வரிசை ஆகிய இரண்டு எண்ணிக்கையின் பெருக்கல் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

சரிசெய்ய:
1. இரண்டு டேபிளையும் தனித்தனி சப்குவெரியில் (subquery, உள்ளே எழுதும் துணை வினவல்) உறுப்பினர் எண்ணால் குரூப் பை (GROUP BY) செய்து, முதலில் கூட்டிவிடுங்கள்.
2. அப்புறம் அந்த இரண்டையும் உறுப்பினர் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN, எல்லா உறுப்பினரையும் விடாமல் வைக்கும் இணைப்பு) செய்யுங்கள். தீவனமே வாங்காதவருக்கு NULL (மதிப்பே இல்லை) வரும், கழித்தால் விடையும் NULLதான். கோயலெஸ் (COALESCE) போட்டு 0 ஆக்குங்கள்.

சம் டிஸ்டிங்க்ட் (SUM DISTINCT, ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் கூட்டுவது) போடச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். காலையும் மாலையும் ஒரே தொகை வந்தால் ஒன்று காணாமல் போகும்.

பெயரை வைத்து ஜாயின் செய்திருந்தால் அதையும் உறுப்பினர் எண்ணுக்கு மாற்றுங்கள். நம் எல்லை ஊர்களில் ஒரே ஆள் ஒரு பதிவேட்டில் தமிழிலும் இன்னொன்றில் மலையாளத்திலும் இருப்பார்.