எல்க் மான் வேட்டைக்கு எடை குறைந்த, உறுதியான ரைஃபிள் ஸ்கோப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ரைஃபிள் ஸ்கோப் என்பது துப்பாக்கியின் மேல் பொருத்தும் சிறிய தொலைநோக்கி. அமெரிக்காவின் ராக்கி மலைகளில் எல்க் வேட்டைக்குப் போகிறவர் அதை நாள் முழுக்கச் சுமந்து ஏற வேண்டும்.

எடை குறைந்தால் உறுதியும் குறையும் என்று பயப்பட வேண்டாம். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். ஸ்கோப்போ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பேருந்து சட்டென்று கிளம்பும்போது தோளில் கனத்த பை இருந்தால் கம்பியைப் பிடித்த கை எப்படித் திணறும்? இங்கே அந்தப் பை ஸ்கோப்; அந்தக் கை, ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்கள். ஸ்கோப்பின் எடை குறைந்தால் வளையங்களின் திணறலும் குறையும். அவை நழுவினால் குறி தவறும், காயம்பட்ட விலங்கு காட்டுக்குள் வேதனையோடு அலையும். அதனால் வளையங்களில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

3 முதல் 9 மடங்குப் பெரிதாக்கம் தாராளம். முன்லென்ஸ் 40 மி.மீ. போதும். 6 மடங்கில் வைத்தால் (40 வகுத்தல் 6) கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் சுமார் 6.7 மி.மீ.; இருட்டில் நம் கண்பாவை விரிவதே ஏறக்குறைய 7 மி.மீ.தான்.

குழாய்க்குள் நைட்ரஜன் அல்லது ஆர்கான் அடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடாரத்தின் சூட்டிலிருந்து விடியற்காலைக் குளிருக்கு எடுத்து வந்ததும் கண்ணாடியின் உட்புறம் பனிபடரும். எவ்வளவு துடைத்தாலும் போகாது.

30 மி.மீ. விட்டமுள்ள தடித்த குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று பலர் நம்புகிறார்கள். அது தருவது பெரும்பாலும் குறியைத் திருத்திக்கொள்ளக் கூடுதல் இடம்தான், வெளிச்சம் அல்ல.