குருவிக்கூடு கட்டும் ரீல்கள்: கேள்வி பதில்

தூண்டில் ரீலில் விழும் சிக்கு, முறுக்கு, அறுந்து பறந்த இரை, மரத்தில் தொங்கும் முள் என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறார்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: ஐயா, ஸ்பின்னிங் ரீலில் பிரெய்டு நரம்பு (பல இழைகளைப் பின்னியது) போட்டிருக்கிறேன். பத்து வீச்சுக்கு ஒரு முறையாவது நரம்பு கொத்தாகக் கிளம்பி வந்து கோலின் முதல் வளையத்தில் அடைத்துக்கொள்கிறது. காற்றுதான் காரணம் என்கிறார்கள். காற்றே இல்லாத காலையிலும் இப்படித்தான் நடக்கிறது. ஏன்?

பதில்: காற்றின் மேல் பழி போடுவது சுலபம், அது எதிர்த்துப் பேசாது. இந்தச் சிக்குக்குக் 'காற்று முடிச்சு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அது பெரும்பாலும் நீங்கள் வீசும்போது உருவாவதில்லை. முந்தைய வீச்சு முடிந்து நரம்பைச் சுற்றத் தொடங்கினீர்களே, அந்த முதல் இரண்டு சுற்றிலேயே விதை விழுந்துவிடுகிறது.

இரை தண்ணீரில் விழுந்ததும் நீங்கள் கைப்பிடியைச் சுற்றுகிறீர்கள். நரம்பைப் பிடித்துச் சுற்றும் வளைந்த பெயில் கம்பி 'டக்'கென்று மூடுகிறது. அப்படியே சுற்றிக்கொண்டு போகிறீர்கள். ஆனால் அந்த நொடியில் இரைக்கும் கோலுக்கும் நடுவே நரம்பு தொய்ந்து கிடக்கிறது. தொய்ந்த நரம்பு, அதைச் சுற்றி வைக்கும் ஸ்பூலில் படிந்து உட்காராது. ஒரு சின்னக் கண்ணியாக வெளியே துருத்தி நிற்கும். அதன் மேல் இறுக்கமான சுற்றுகள் ஏறி அதை மூடிவிடும். அடுத்த வீச்சில் மேல் சுற்றுகள் பறக்கும்போது, அடியில் ஒளிந்திருக்கும் அந்தக் கண்ணியையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகின்றன. கொத்தாக வருவது அதனால்தான்.

இரை விழுந்ததும் பெயில் கம்பியைக் கையால் மூடுங்கள். மூடிய கையாலேயே நரம்பைப் பிடித்து ஒரு முறை இழுத்து, அது பெயில் கம்பியின் முனையில் இருக்கும் சின்ன உருளையின் மேல் விறைப்பாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டுச் சுற்றுங்கள். ஒரு நொடி வேலை. மிக லேசான இரை என்றால் அது நரம்பை விறைப்பாக வைத்திருக்காது. அப்போது ரீலுக்கு மேலே நரம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாகப் பிடித்தபடி சுற்ற வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் ஸ்பூலை ஒரு பார்வை பாருங்கள். கண்ணி தெரிந்தால் வீசாதீர்கள். அது வெளியே வரும்வரை நரம்பைக் கையால் உருவிவிட்டு, விறைப்பாக மறுபடி சுற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்பூலில் எவ்வளவு நரம்பு இருக்க வேண்டும்? நிறைய இருந்தால் தூரம் போகும் என்று விளிம்புவரை நிரப்பிவிட்டேன்.

பதில்: அதனால்தான் தூரமும் போகவில்லை, சிக்கும் விழுகிறது. விளிம்புக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் சுருள்கள் தாமாகவே சரியும். மிகக் குறைத்தாலும் நரம்பு விளிம்பில் உரசி வீச்சு குறையும்.

கேள்வி: என் மோனோ (ஒற்றை இழை) நரம்பைத் தொய்ய விட்டாலே கயிறு திரித்தது போலத் தன்னோடு தானே பின்னிக்கொள்கிறது. நரம்பு மட்டமா, ரீல் மட்டமா?

பதில்: இரண்டும் நல்லவையாகவே இருக்கலாம். ஒன்று கேட்கிறேன்: பெரிய மீன் மாட்டி, பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக் 'கிர்ர்' என்று கத்திக்கொண்டு நரம்பு வெளியே போகும்போது, நீங்கள் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பீர்களா? பதற்றத்தில் எல்லோரும் செய்வதுதான். ஸ்பின்னிங் ரீலில் நரம்பு உள்ளே ஏறாமல், ஸ்பூலைச் சுற்றி வரும் சுழலி மட்டும் சுற்றினால், ஒவ்வொரு சுற்றும் நரம்பில் ஒரு முறுக்கு. உங்கள் ரீலின் விகிதம் 5.2:1 என்றால் கைப்பிடியைப் பத்து முறை சுற்றினால் 52 முறுக்கு. மீன் இழுக்கும்போது கையை நிறுத்துங்கள். கோலைத் தூக்கி மீனை அருகே கொண்டுவாருங்கள். கோலைத் தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள்.

தண்ணீரில் சுழலும் தகட்டு இரைகளும் முறுக்கேற்றும். அவற்றுக்கு முன்னால் ஒரு ஸ்விவல் (தானாகச் சுழலும் இணைப்பு) கட்டுங்கள். துருப்பிடித்துத் திரும்பாத ஸ்விவல் வெறும் அலங்காரம்.

ஏறிவிட்ட முறுக்கை எடுக்க, முள், ஈயம், ஸ்விவல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் நரம்பை மெதுவாகப் போகும் படகின் பின்னால் விடுங்கள். முறுக்கு எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறதோ அவ்வளவும் வெளியே போகட்டும். சில நிமிடம் இழுபட்டால் முனை தானாகச் சுழன்று முறுக்கு கழன்றுவிடும். பிறகு விரல்களுக்கு இடையே பிடித்து விறைப்பாகச் சுற்றுங்கள். படகு இல்லையென்றால் ஓடும் ஆறு அந்த வேலையைச் செய்யும்.

கேள்வி: புது நரம்பை ஏற்றும்போது கண்டைப் பென்சிலில் கோத்துச் சுழலவிட வேண்டுமா, தரையில் படுக்கவைக்க வேண்டுமா?

பதில்: ரீலைப் பொறுத்தது. ஸ்பூலே சுழலும் ரீலான பெயிட்காஸ்டருக்குப் பென்சில், ஸ்பூலும் சுழல்கிறது, கண்டும் சுழல்கிறது, முறுக்குக்கு வழியில்லை. ஸ்பின்னிங் ரீலுக்குக் கண்டைத் தரையில் படுக்கவையுங்கள். இருபது சுற்று ஏற்றியதும் நிறுத்தி நரம்பைத் தொய்யவிட்டுப் பாருங்கள். முறுக்கிக்கொண்டால் கண்டைக் குப்புறப் புரட்டிப் போடுங்கள். ஏற்றும்போது ஈரத்துணியால் நரம்பைப் பிடித்து இறுக்கம் கொடுக்க மறக்காதீர்கள். பிரெய்டுக்கு இது மிக அவசியம்.

கேள்வி: அண்ணா, மூன்று வருடம் ஸ்பின்னிங்கில் பழகிவிட்டுப் பெயிட்காஸ்டர் வாங்கினேன். முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் கால் மணி நேரம் வீசினேன், மீதி நேரமெல்லாம் சிக்கெடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கால் மணி நேரம் வீசினீர்களா? என் முதல் நாளைவிட நன்றாகத்தான் இருந்திருக்கிறது, தம்பி.

ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் அசையாது. நரம்பு அதன் முனை வழியாகச் சுருள் சுருளாக உருவிக்கொண்டு போகும். இங்கிலாந்தில் துணி ஆலைத் தொழிலில் இருந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் என்பவர் 1905இல் இப்படிப்பட்ட ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் நூல் கண்டிலிருந்து முனை வழியாக நூல் உருவப்படுவதைப் பார்த்தவருக்கு இந்த யோசனை வந்ததில் வியப்பில்லை. பெயிட்காஸ்டரில் கதை வேறு. அங்கே ஸ்பூலே சுழன்று நரம்பை விட வேண்டும். பறக்கும் இரையின் வேகம் குறைந்துகொண்டே போகும். சுழலத் தொடங்கிய ஸ்பூலுக்கோ நிற்க மனம் வராது. அது விடுகிற நரம்பை இழுத்துப் போக ஆளில்லாததால் அங்கேயே பொங்கிக் குருவிக்கூடாகிவிடுகிறது.

முதலில் கைப்பிடிப் பக்கம் இருக்கும் சிறிய திருகைச் சரிசெய்யுங்கள். வீசப்போகும் இரையைக் கட்டிக் கோலை உயர்த்தி, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினால் இரை மெதுவாக இறங்க வேண்டும். அது தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நின்றுவிட வேண்டும். இரையின் எடை மாறினால் இதையும் மாற்ற வேண்டும். அடுத்தது பிரேக். காந்த பிரேக் என்றால் எண் வட்டில் அதிகத்தில் வைத்துத் தொடங்குங்கள். மையவிலக்கு பிரேக் என்றால் உள்ளே இருக்கும் சின்னக் கட்டைகளில் பெரும்பாலானவற்றை இயக்கத்தில் வையுங்கள்; ஸ்பூல் வேகமாகச் சுழலச் சுழல அவை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு அழுத்தும், அதனால் வீச்சின் தொடக்கத்தில்தான் அவற்றின் வேலை அதிகம். பழகப் பழகப் பிரேக்கைக் குறைத்துக்கொள்ளலாம். எதிர்க்காற்றில் கூட்டிவையுங்கள், தாழ்வாக வீசுங்கள்.

இவையெல்லாம் உதவியாளர்கள்தான், முதலாளி உங்கள் கட்டைவிரல். பறக்கும்போது நரம்பின் மேல் பட்டும் படாமலும் இருக்கட்டும். இரை தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் அழுத்தி நிறுத்திவிடுங்கள். இரை விழுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நொடியில்தான் பாதிக் கூடுகள் கட்டப்படுகின்றன. கோலை வெடுக்கென்று உதறாமல், வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி வீசுங்கள்.

கேள்வி: கூடு கட்டியாகிவிட்டது. எடுப்பது எப்படி?

பதில்: முதலில், துருத்திக்கொண்டிருக்கும் கண்ணிகளைப் பிடித்து இழுக்கத் துடிக்கிறதே ஒரு கை, அதைக் கட்டிப்போடுங்கள். இழுத்தால் சிக்கு முடிச்சாகிவிடும்.

டிராக்கை முழுவதும் இறுக்குங்கள். கட்டைவிரலை ஸ்பூலின் மேல் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு, கைப்பிடியை இரண்டு மூன்று முறை சுற்றுங்கள். விரலுக்கடியில் அந்தப் பொங்கல் நசுங்கிப் படிவது தெரியும். இப்போது பொத்தானை அழுத்தி, நரம்பை மெல்ல வெளியே இழுங்கள். ஒரு முழம் சுகமாக வரும், பிறகு நிற்கும். நின்ற இடத்தில் குனிந்து பாருங்கள்: வெளியே போகும் நரம்பின் மேல் இன்னொரு இழை குறுக்கே படுத்திருக்கும். பழையபடி விரலை அழுத்தி, சுற்றி, இழுங்கள். மூன்று நான்கு முறையில் பெரும்பாலான கூடுகள் கலைந்துவிடும். முதல் முறை இதைப் பார்த்தபோது எனக்குக் கண்கட்டு வித்தை போல இருந்தது. அதற்கு முன் எத்தனையோ மாலைகளை ஊசியும் கையுமாக வீணடித்திருக்கிறேன்.

எடுத்த பிறகு அந்தப் பகுதியை நகங்களுக்கு இடையே விட்டு உருவிப் பாருங்கள். மோனோவில் மடங்கி வெளுத்த இடம் தென்பட்டால் அதுவரை வெட்டிவிடுங்கள். அடுத்த மீன் அறுத்துக்கொண்டு போகும் இடம் அதுதான்.

பிரெய்டில் விழுந்த இறுகாத முடிச்சுக்கு மழுங்கிய ஊசியும் பொறுமையும் வேண்டும். முடிச்சைத் தளர்த்திப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். எந்த முனையையும் இழுக்காதீர்கள். பத்து நிமிடத்தில் வரவில்லையென்றால் கத்தரிக்கோல். நரம்பு போனால் வாங்கிக்கொள்ளலாம். மீன் கடிக்கும் அந்திப்பொழுது திரும்பி வராது.

கேள்வி: பலமாக வீசும்போது 'படார்' என்ற சத்தத்தோடு நரம்பு அறுந்து இரை தனியே பறந்துவிட்டது. புது நரம்பு!

பதில்: பறக்கும் நரம்பை ஏதோ ஒன்று சட்டென்று பிடித்து நிறுத்தியிருக்கிறது. ஸ்பின்னிங் ரீல் என்றால் முதல் சந்தேகம் பெயில் கம்பியின் மேல். தேய்ந்த ஸ்பிரிங்கோடு, சுழலி சற்று நகர்ந்தாலே வீச்சின் நடுவில் மூடிக்கொள்ளும். பிரெய்டு என்றால், முன்பு எங்காவது மாட்டிப் பலமாக இழுத்தபோது மேல் சுற்று அடிச் சுற்றுகளுக்குள் புதைந்திருக்கலாம். தளர்வாக ஏற்றிய நரம்பில் இது சகஜம். நரம்பு கோலின் நுனியில் ஒரு சுற்று சுற்றியிருந்தாலும் இதே கதிதான். நுனியைப் பார்க்காமல் வீசாதீர்கள். வளையங்களுக்குள் ஒரு பஞ்சுத் துண்டை ஓட்டிப் பாருங்கள். நார் பிடித்தால் அந்த வளையம் கீறல் விழுந்தது. கோலில் அச்சிட்டிருக்கும் எடை வரம்பையும் பாருங்கள். 10–30 கிராம் என்று போட்டிருந்தால் 60 கிராம் ஈயத்தை முழு பலத்தோடு வீசுவது கோலுக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவர் மண்டைக்கும் ஆபத்து.

கேள்வி: டிராக்கை முழுவதும் இறுக்கியும் மீன் நரம்பை இழுத்துக்கொண்டே போகிறது. ரீல் கெட்டுவிட்டதா?

பதில்: பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேராகக் கட்டியிருப்பீர்கள். வழுவழுப்பான நரம்பு, வழுவழுப்பான உலோகம். மொத்த நரம்பும் ஒரே வளையமாக ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுற்றுகிறது. அடியில் சில சுற்று மோனோ ஏற்றி அதில் பிரெய்டைக் கட்டுங்கள்.

கேள்வி: பின்னால் நின்ற நண்பனின் கையில் என் முள் ஏறிவிட்டது. இழுத்தால் வரவில்லை.

பதில்: வராது, முள்ளின் எதிர்க்கொக்கி அதற்காகவே செய்யப்பட்டது. கண்ணிலோ கண்ணருகிலோ, கழுத்திலோ, மூட்டிலோ ஏறியிருந்தால், ஆழமாகப் புதைந்திருந்தால், தொடாதீர்கள். அசையாமல் வைத்து மருத்துவமனைக்குப் போங்கள். விரல் சதையில் மேலோட்டமாக ஏறிய ஒற்றை முள்ளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் இரையையும் மற்ற முட்களையும் வெட்டி அகற்றிவிடுங்கள். உறுதியான நூலை முள்ளின் வளைவில் மாட்டிக்கொண்டு, முள்ளின் தண்டைத் தோலோடு சேர்த்துக் கீழே அழுத்தியபடி, தோலுக்கு இணையாக நூலை ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். முள் பறந்து வரும். எதிரே யாரும் நிற்கக் கூடாது. காயத்தைக் கழுவி, டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள். அழுக்கான காயத்துக்கு, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் பொதுவாக மறுபடி போடுவார்கள்.

அடுத்த முறை வீசுவதற்கு முன் திரும்பிப் பாருங்கள். நான் ஒருமுறை என் தொப்பியையே ஆற்றின் நடுவே வீசியிருக்கிறேன். ஒரு அங்குலம் கீழே வந்திருந்தால் காது.

கேள்வி: மரத்திலோ பாறையிலோ மாட்டினால் கோலை வளைத்து இழுக்கலாமா?

பதில்: கூடாது. கோலை நரம்புக்கு நேராக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஸ்பூலைப் பிடித்தபடி பின்னால் நடங்கள். பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், சதையை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள். மின்கம்பியில் மாட்டினால் இழுக்கவே கூடாது. கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். விலகிப் போய் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: வெட்டிய நரம்பைத் தண்ணீரில் போட்டால் மட்கிவிடும்தானே?

பதில்: மட்காது. பறவையின் காலில் சுற்றும், ஆமையின் கழுத்தில் சுற்றும். சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்த் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: எட்டு வயது மகள் தானும் வீச வேண்டும் என்கிறாள். எந்த ரீல் கொடுக்கலாம்?

பதில்: மூடி போட்ட, பொத்தானை அழுத்தி விடுகிற ஸ்பின்காஸ்ட் ரீல். தூரம் அதிகம் போகாது, ஆனால் சிக்கு குறைவு. ஒரு வாரம் முள்ளே வேண்டாம்; சிறு ரப்பர் எடை ஒன்றைக் கட்டி, வெட்டவெளியில் ஒரு வாளியை வைத்து அதற்குள் வீசச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் இன்னொரு வாளி வைத்துக்கொள்ளலாம்.