டீச்சரிடம் கேளுங்கள்: ‘ஏட்’, ‘ஈட்டட்’, மறுபடியும் ‘ஏட்’

கேள்வி: டீச்சர், என் மகள் எட்டாவது படிக்கிறாள். ஐந்தாவது வரை தமிழ் வழி, ஆறாவதில் ஆங்கில வழிக்கு மாற்றினோம். ஆறாவதில் அவள் எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் ஒரு தப்புகூட இல்லை. இப்போது பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம். இரண்டுக்கும் நகல் அனுப்பியிருக்கிறேன். வர வர மோசமாகிறாளோ என்று பயமாக இருக்கிறது. டியூஷன் வைக்கட்டுமா?
– ஒரு தாய், ஆரணி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று முறை படித்தேன். ஆறாவதில் எழுதியது எட்டு வரி. ‘மை வில்லேஜ் இஸ் எ ஸ்மால் வில்லேஜ். தேர் இஸ் எ டெம்பிள் இன் மை வில்லேஜ்.’ எட்டும் இதே அச்சுதான். 29 வருஷம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். இந்த ஊரையும் இந்தக் கோயிலையும் எத்தனையோ கட்டுரை நோட்டுகளில் பார்த்துவிட்டேன். போர்டில் இருந்ததை உங்கள் மகள் சரியாக எழுதியிருக்கிறாள். தப்பு வரக்கூடிய இடத்துக்கே அவள் போகவில்லை.

எட்டாவதில் எழுதியது, பாட்டி வீட்டு ஆட்டுக்குட்டி மழையில் காணாமல் போன கதை. இதை யாரும் போர்டில் எழுதிப் போடவில்லை. 26 வரி, 19 தப்பு. பிரித்துப் பார்த்தேன். எட்டு இடத்தில் ‘தி’யோ ‘எ’யோ விட்டுப்போயிருக்கிறது. ‘தி’க்கு நேரான சொல்லே தமிழில் இல்லை, அதனால் அது படிய வருஷக்கணக்கில் ஆகும். நாலு ஸ்பெல்லிங். அதை விடுங்கள்.

ஐந்து, இறந்தகாலத் தப்பு. அதில்தான் எனக்கு மகிழ்ச்சி. குட்டி புல் தின்றதை ‘ஈட்டட்’ என்கிறாள், ஓடியதை ‘ரன்ட்’ என்கிறாள். முன்பெல்லாம் ‘ஏட்’ என்று சரியாகத்தானே எழுதினாள் என்பீர்கள். அது மனப்பாடம். இப்போது, இறந்தகாலத்துக்கு ‘ஈடி’ சேர்க்க வேண்டும் என்ற விதி அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது. புது விதி கிடைத்ததும் எல்லா வினைச்சொல்லிலும் போட்டுப் பார்க்கிறாள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். படிக்கப் படிக்க ‘ஏட்’ திரும்பி வரும், இந்த முறை புரிந்து வரும்.

மீதி இரண்டு, ‘நேற்று வந்த மாமா’ மாதிரியான வாக்கியங்கள். ‘யெஸ்டர்டே கேம் அங்கிள்’ என்று எழுதியிருக்கிறாள். நம் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும். ஆங்கிலத்தில் மாமாவை முதலில் சொல்லி, ‘ஹூ’ போட்டு, வந்ததைப் பின்னால் சொல்ல வேண்டும். தமிழில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகப் பார்க்கிறாள்.

படிப்பவரின் தப்புகள், அவர் மனதில் மொழி எப்படி உருவாகிறது என்பதற்குச் சான்று என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967லேயே எழுதினார். 1972இல் இன்னொரு மொழியியலாளர் லாரி செலின்கர் அந்த நடுவழி மொழிக்கு ‘இன்டர்லாங்குவேஜ்’ என்று பெயர் வைத்தார். இடைமொழி என்று சொல்லலாம். அது தாய்மொழியும் இல்லை, கற்கும் மொழியும் இல்லை, தனக்கென்று ஒழுங்கு உள்ளது. உங்கள் மகள் இப்போது அங்கேதான் இருக்கிறாள்.

டியூஷன் வேண்டாம். கதை பாதியில் நிற்கிறது, குட்டி கிடைத்ததா என்றே தெரியவில்லை. மீதியை எழுதச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

கேள்வி: நான் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர். மாணவர்களின் எல்லாத் தப்பையும் திருத்த வேண்டுமா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: இது மொழி கற்பித்தலை ஆராய்பவர்களுக்குள் நடக்கும் பெரிய சண்டை. இலக்கணத் திருத்தத்தையே கைவிடுங்கள் என்று ஜான் ட்ரஸ்காட் 1996இல் எழுதினார். அப்படி விட முடியாது என்று டேனா ஃபெரிஸ் 1999இல் மறுத்தார். நான் என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் பத்து வருஷம் ஒன்று விடாமல் திருத்தினேன். ஒரு பையன் இரண்டு பக்கம் எழுதுவான். தை மாதத்துக்குள் நாலு வரிக்கு வந்துவிட்டான், நாலும் சரியான வரி. சிவப்பு மையைத் தவிர்க்க அவன் கண்ட வழி அது. அவனை எழுத விடாமல் செய்தது நான்தான். இன்றும் மனசு ஆறவில்லை.

அப்புறம் மாற்றிக்கொண்டேன். ஒரு கட்டுரையில் ஒரே வகைத் தப்புக்கு மட்டும் கோடு. இந்த வாரம் இறந்தகாலம் என்றால் அது மட்டும்தான். திருத்தி நான் எழுதித் தர மாட்டேன், அவர்களே பார்த்து மறுபடி எழுத வேண்டும். ஓரத்தில் கதையைப் பற்றி ஒரு கேள்வியும் எழுதுவேன்.

கேள்வி: பக்கத்து வீட்டில் பீகாரிலிருந்து வந்த குடும்பம். அவர்கள் பெண் இங்கே அரசுப் பள்ளியில் நாலாவது படிக்கிறாள். தமிழில் ‘மழை வந்துச்சு’ என்று எழுதுகிறாள், ‘கேட்டான்’ என்பதைக் ‘கெட்டான்’ என்கிறாள். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
– வாசகி, திருப்பூர்

பதில்: ‘வந்துச்சு’ என்றால் தெருவில் காதால் கேட்டுக் கற்றிருக்கிறாள். நல்ல அடித்தளம் அது, கேலி செய்யாதீர்கள். கதைப் புத்தகம் வாசிக்க வாசிக்க ‘வந்தது’ வரும். ‘கெட்டான்’ வேறு விஷயம். இந்தியில் எகர, ஒகரக் குறில் இல்லை, அதனால் ‘எ’யும் ‘ஏ’யும் அவளுக்கு ஒன்றாகவே கேட்கும். எழுதச் சொல்வதற்கு முன் காதைப் பழக்குங்கள். ‘பெட்டி, பேட்டி’, ‘கொடி, கோடி’ என்று ஜோடி ஜோடியாக நீங்கள் சொல்லுங்கள். நெடில் வந்தால் அவள் கை தட்டட்டும். தினமும் பத்து நிமிஷம் போதும்.