மேல்மலையில் தீ: ஊருக்கு யார், எப்போது, என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூருக்கு அப்பால் இருக்கிறது. மாசி, பங்குனி வந்தால் சுற்றியுள்ள காடுகளில் தீப்பிடிக்கிறது. அப்போது வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் குவிகின்றன. தீ எங்கே இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. இளைஞர்கள் சிலர் இதை ஒழுங்குபடுத்த நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: சொல்பவர் யார் என்பதைத் தீர்மானிப்பதிலிருந்து தொடங்குங்கள். வனக்காப்பாளர், கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர் ஆகிய மூவரிடமும் எந்நேரமும் தொலைபேசியில் பேசக்கூடிய இரண்டு பேரைத் தை மாதத்திலேயே ஊர்க்கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் தோட்டத்தில் இருந்தால் மற்றவர் ஊரில் இருக்க வேண்டும். குழுவில் நிர்வாகிகள் மட்டுமே பதிவிடும்படி அமைத்து, அந்தப் பொறுப்பை இவ்விருவரிடம் விடுங்கள். புகை கண்டதைச் சொல்லவும் சந்தேகம் கேட்கவும் வேறொரு குழு இருக்கட்டும். போன ஆண்டுக் காணொளியும் ஆஸ்திரேலியக் காணொளியும் வந்து விழுவதானால் அங்கே விழட்டும்.

அடுத்து, செய்தியின் வடிவம். இப்படி இருக்கலாம்: 'பிற்பகல் 2 மணி. பெரிய ஓடைக்கு மேற்கே பைன் காட்டில் தீ எரிகிறது. இதுவரை ஊர்ப் பக்கம் திரும்பவில்லை. பூம்பாறைச் சாலையில் வண்டிகள் போகின்றன. ஓடைப் பக்கத் தோட்டங்களுக்கு யாரும் போக வேண்டாம். வனக்காப்பாளரிடம் கேட்டுச் சொல்கிறோம். அடுத்த தகவல் 4 மணிக்கு.' இதில் கடைசி வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் அதுவே முதன்மையானது. நான்கு மணிக்குச் சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை என்றாலும், 'நிலைமையில் மாற்றமில்லை' என்று நான்கு மணிக்கே சொல்லிவிட வேண்டும். சொன்ன நேரத்தில் தகவல் வராத ஊரில், அரை மணி நேரத்துக்குள் ஆளுக்கொரு கதை கிளம்பிவிடும்.

இடப்பெயர்களையும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். வனத்துறையினர் பீட் (ஒரு வனக்காப்பாளரின் பொறுப்பிலுள்ள காட்டுப் பகுதி) பெயரையும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் சொல்வார்கள். ஊரார் பாறை, ஓடை, சோலை என்று அடையாளம் சொல்வார்கள். ஊர்ப் பெரியவர்களையும் பளியர் பழங்குடிக் குடியிருப்பில் உள்ளவர்களையும் உட்காரவைத்து, இரண்டும் சேர்ந்த வரைபடம் ஒன்றைத் தயாரித்து, அதன் படியை வனக்காப்பாளரிடமும் கொடுத்துவிடுங்கள்.

டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் கண்ட தீயைப் பற்றிக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. பொதுமக்களும் அதற்குப் பதிவுசெய்துகொள்ளலாம். ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் ஒரு நாளில் சில முறைதான் நம் மலையைக் கடக்கின்றன. அவற்றின் படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 375 மீட்டர் அகலமுள்ள நிலம். மேகம் மூடியிருந்தாலோ, மரங்களுக்கடியில் சருகு மட்டும் எரிந்தாலோ தவறிவிடும். ஆகவே முதல் தகவல் பெரும்பாலும் மனிதக் கண்ணிலிருந்துதான் வரும். அந்தக் கண் தேனெடுக்கவோ விறகு பொறுக்கவோ போனவருடையதாக இருந்தால், 'நீ ஏன் அங்கே போனாய்?' என்ற விசாரணைக்கு அஞ்சி அவர் வாய் திறக்கமாட்டார். புகையைச் சொல்பவரிடம் வேறெதுவும் கேட்கப்படாது என்ற உறுதியை, வனக்காப்பாளருக்கு மேலுள்ள வனவரிடம் முன்கூட்டியே பெறுங்கள். தீ வைத்தவர் யார் என்ற பேச்சைத் தீ அணையும்வரை குழுவில் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: மின்சாரம் போனால் சிக்னலும் போய்விடுகிறது. அப்போது என்ன செய்வது?

பதில்: அரசின் அவசர எச்சரிக்கைச் செய்தி, 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் சோதித்துப் பார்க்கப்பட்டதே, அதற்கு இணையமோ எண் பதிவோ தேவையில்லை, குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லையிலுள்ள கைப்பேசிகளுக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேரும். ஆனால் கோபுரமே உயிரோடு இல்லையென்றால் அதுவும் வராது. எனவே கோயில் ஒலிபெருக்கியை பேட்டரியில் இயங்கும்படி செய்துகொள்ளுங்கள். கொடை பண்பலை 100.5-ஐக் கேட்க ஒரு பேட்டரி வானொலி தெருவுக்கு ஒன்று இருந்தால் நல்லது. 112, 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களை ரேஷன் கடைச் சுவரில் பெயின்டால் எழுதிவையுங்கள்.

தங்கும் விடுதிகளில் இருப்பவர்கள் உங்கள் குழுவில் இல்லை, ஒலிபெருக்கியில் சொல்லும் ஓடையும் பாறையும் அவர்களுக்குத் தெரியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் தீயில் சிக்கி இறந்த இருபதுக்கும் மேற்பட்டோர் மலையேற்றத்துக்கு வந்தவர்கள். இன்றிரவு யார் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பதை விடுதிக்காரர்கள் உங்கள் இருவரில் ஒருவருக்குத் தினமும் மாலையில் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: 'கிளம்புங்கள்' என்று முன்கூட்டியே சொன்னால் பயமுறுத்துகிறோம் என்கிறார்கள். எப்போதுதான் சொல்வது?

பதில்: ஊரைக் காலிசெய்யச் சொல்லும் அதிகாரம் வருவாய்த் துறைக்கும் காவல்துறைக்கும் உரியது, தயாராக இருக்கச் சொல்வது உங்கள் வேலை, அதைக் காலை 10 மணிக்குள் செய்துவிடுங்கள். காலையில் காற்று அடங்கியிருக்கும், புகை பள்ளத்தாக்கில் படிந்து கிடக்கும், தீ ஓய்ந்துவிட்டதாகவே தோன்றும். வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேல்நோக்கி வீசத் தொடங்கும்; சுவாலை சரிவையொட்டிச் சாய்வதால் மேலேயுள்ள காய்ந்த புல் முன்கூட்டியே சூடாகி, சமதளத்தில் ஓடுவதைவிடப் பன்மடங்கு வேகமாகத் தீ ஏறும். உங்கள் ஊருக்கோ கொடைக்கானல் போக ஒரே சாலை. அதில் பிற்பகலில் பூண்டு ஏற்றிய லாரியும் சுற்றுலா வேனும் எதிரெதிரே நின்றால் என்ன ஆகுமென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் யார், அவர்களை ஏற்றிச் செல்ல யாருடைய ஜீப் என்ற பட்டியல் கையில் இருக்கட்டும். இவர்களை உத்தரவுக்குக் காத்திராமல் அனுப்பிவிடலாம். மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கிளம்பும்படி ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். கிளம்பிய பின் தீ வேறு பக்கம் திரும்பிவிட்டால், எதை வைத்து அப்படிச் சொன்னோம் என்பதை அன்றே அதே குழுவில் எழுதிவிடுங்கள். மறுமுறை அழைக்கும்போது அது உதவும். தீ அணைந்துவிட்டது என்ற பிறகும் விழுந்த மரங்கள் சில நாள் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் என்பதால், வனத்துறை முடிந்தது என்று சொல்லும்வரை காலையும் மாலையும் தகவல் தருவதை நிறுத்தாதீர்கள்.