பூனை மீசையும் குரங்கு ஸ்பேனரும்

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஆளு நான். பழைய பாயிண்ட் அண்ட் கிளிக் அட்வென்சர் கேம் (மவுஸால கிளிக் பண்ணி, புதிரை அவுத்து கதையை நகத்துற கேம்) பத்தி என்ன வேணாலும் கேளுங்கன்னு வாய்விட்டுட்டேன். வந்த கேள்வி பூரா வயித்தெரிச்சல்!

அண்ணே, கிங்ஸ் குவெஸ்ட் 5-ல சத்திரத்துல கட்டிப்போட்டுட்டாய்ங்க. எப்படி அவுக்குறது? (திருமங்கலம் தம்பி)

பேக்கரி வாசல்ல ஒரு பூனை எலியை விரட்டுச்சே, வேடிக்கை பாத்துட்டு நின்னியா? அப்பவே பழைய பூட்ஸை பூனை மேல எறிஞ்சிருக்கணும். அந்த எலிதான் வந்து கயித்தைக் கடிச்சுவிடும். கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள எறியணும், விட்டா போச்சு. பழைய சேவ் இருந்தா அங்கிட்டுத் திரும்பிப் போ, இல்லாட்டி முதல்ல இருந்துதான்.

போற வழியிலேயே இன்னொண்ணும் சொல்லிடுறேன். மலையில பசிக்குதுன்னு கஸ்டர்ட் பைங்கிற பலகாரத்தைத் தின்னுறாத. பின்னாடி பனிமனுசன் மூஞ்சில எறிய அதுதான் வேணும். புதிர் கஷ்டமா இருந்தா எனக்குக் கோவமே வராது. தோத்தவன்கிட்ட நீ தோத்துட்டேன்னு சொல்லாம நாலு நாள் அலையவிடுறாய்ங்க பாரு, அதுதான் ஆகாது.

இதெல்லாம் ஹின்ட் புக் (புதிருக்கு வழி சொல்ற புத்தகம்) விக்கத்தானேண்ணே?

வித்தாய்ங்க, பொய்யில்ல. ஆனா அங்கங்க சாகடிக்கலேன்னா சில கேம் ஒரு மத்தியானத்துல முடிஞ்சிரும், அதையும் பாக்கணும்ல.

மங்கி ஐலண்ட் 2-ல அருவியை நிறுத்த முடியலைங்க. (வாடிப்பட்டி)

மதுக்கடையில பியானோ வாசிக்குதே ஒரு குரங்கு, அதுக்கு எதிர்ல இருக்க மெட்ரோனோம்ல (ஆடி ஆடித் தாளம் தட்டுற கருவி) வாழைப்பழத்தை மாட்டுங்க. மயங்கி வெறைச்சு நிக்கும். தூக்கிட்டுப் போய் அந்தக் குரங்கையே ஸ்பேனரா வச்சு அருவி பம்ப்பைத் திருகுங்கக்கா. ஏன்னு கேக்காதீங்க. அமெரிக்காக்காரன் ஒருவகை ஸ்பேனரை மங்கி ரெஞ்ச்ம்பான், அந்தச் சிலேடையை வச்சு ஒரு புதிர்! நம்ம பட்டறைப் பையன்கிட்ட ஸ்பேனர் எடுறான்னா ஸ்பேனரைத்தான் எடுப்பான், குரங்கையா எடுப்பான்? பிரிட்டன்லயும் அது ஸ்பேனர்தான், அங்கேயும் இந்தச் சிலேடை செல்லாது.

கேபிரியல் நைட் 3 பூனை மீசை நெசமாண்ணே?

நெசம்தான். 1999-ல வந்தது. இன்னொருத்தன் பேர்ல பைக் வாடகைக்கு எடுக்கணும். பூனை முடியை டேப்ல பிடுங்கி, இனிப்புப் பாகு தடவி மீசையா ஒட்டிக்கணும். இதுல கூத்து என்னன்னா, அந்த இன்னொருத்தனுக்கு மீசையே கிடையாது! அவன் பாஸ்போர்ட் போட்டோவுலயும் பேனாவால மீசை வரையணும். மீசை விஷயத்துல மதுரக்காரனையே தோக்கடிச்ச கேம்.

எதுல ஆரம்பிக்கலாம்?

முதல் மங்கி ஐலண்ட். அதைச் செஞ்ச ரான் கில்பெர்ட், இந்த மாதிரி அக்கிரமத்தையெல்லாம் வைஞ்சு 1989-லேயே கட்டுரை எழுதினவரு. மறுவருஷம் வந்த கேம்ல மலை விளிம்புல இருந்து ஹீரோ விழுவான், நீ செத்துட்டேன்னு திரையில அறிவிப்பு வரும், அடுத்த நொடி ரப்பர் மரத்துல பட்டு மேல எகிறி வருவான். ஸ்கம்விஎம்னு பழைய கேமை ஓட்டுற சாப்ட்வேர் இருக்கு, அதைப் போட்டா இப்பவும் ஓடும். ஹீரோவைத் தண்ணிக்குள்ள மட்டும் பத்து நிமிசத்துக்கு மேல நிக்கவிடாத, அங்க நெசமாவே செத்துருவான். நான் டீ குடிச்சுட்டு வந்து பாக்குறேன், பய செத்துக் கெடக்கான்.