பொட்டலத்துக்கு ஓர் எண்ணெய், லங்கருக்கு ஓர் எண்ணெய்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் வேலூர் மாவட்டத்துக்காரன். ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். எண்ணெய் வித்துகள் பற்றி நீங்கள் எழுதுவதை மகள் போனில் எடுத்துக் கொடுப்பாள், படிப்பேன்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது. சிப்பாய்களின் மனம் உடையாமல் இருக்க அமெரிக்க ராணுவம் மீன் எண்ணெய் கொடுக்கப்போகிறது, இனிமேல் மீன்கூட வேண்டாம், செடியிலேயே மீன் எண்ணெய் விளைகிறது என்று போட்டிருந்தது. இது உண்மையா? பேரன் இப்போது வெலிங்டனில் பயிற்சியில் இருக்கிறான். கேண்டீனில் யாரோ சொன்னார்கள் என்று ஒமேகா மாத்திரை வாங்கி விழுங்குகிறான். பலன் உண்டா?

இரண்டு முறை பனிப் பிரதேசத்தில் இருந்திருக்கிறேன். லங்கரில், அதாவது எங்கள் முகாம் சமையற்கூடத்தில், எல்லாம் வனஸ்பதிதான். கீழ் முகாமிலேயே அதைக் கத்தியால் வெட்டித்தான் எடுப்போம். என் பக்கத்துக் கட்டில்காரர் ராஜஸ்தான்காரர், முட்டைகூடத் தொடமாட்டார். தலைக்குத் தேய்க்க ஊரிலிருந்து கடுகெண்ணெய் கொண்டுவருவார். எங்கள் டின் கல்லாகிக் கிடக்கும், அவர் புட்டியில் எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். அவரைப்போன்ற சைவக்காரருக்கு இந்த ஒமேகா எப்படிக் கிடைக்கும்? இவ்வளவு நல்லது என்றால் எங்களுக்கு ஏன் அப்போதே கொடுக்கவில்லை?

இப்படிக்கு,
ஒரு பழைய சிப்பாய்

*

அன்புள்ள ஹவில்தார் ஐயா,

கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். கல்லாகிக் கிடந்த டின், ஓடிக்கொண்டிருந்த புட்டி. உங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் அதில்தான் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கொழுப்பு அமிலம் என்பது ஒரு நீளமான கார்பன் சங்கிலி. சங்கிலி நேராக இருந்தால் கட்டிவைத்த விறகுபோல ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிப் படுத்துக்கொள்ளும், சீக்கிரம் உறையும். சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு வரும் இடத்தில் ஒரு வளைவு விழும். கோணல் விறகை நெருக்கி அடுக்க முடியாதல்லவா? அதனால் எண்ணெய் இளகியே இருக்கும். ஓலீக் அமிலத்துக்கு ஒரு வளைவு. லினோலீக் அமிலத்துக்கு இரண்டு, இதைத்தான் ஒமேகா-6 என்கிறோம். லினோலெனிக் அமிலத்துக்கு மூன்று, இது ஒமேகா-3. மீனில் கிடைக்கும் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3க்கு ஆறு வளைவு. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம்தான். அதனால் அது கடுங்குளிரிலும் எளிதில் உறையாது. நம் கடலை எண்ணெய் மூன்று நான்கு டிகிரியிலேயே கட்டிவிடும்.

வனஸ்பதி என்பது எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி, இந்த வளைவுகளை வேண்டுமென்றே நிமிர்த்தியது. அரைகுறையாக நிமிர்ந்ததில் வந்ததுதான் டிரான்ஸ் கொழுப்பு என்ற வேண்டாத விருந்தாளி. 2022 ஜனவரியிலிருந்துதான் அதற்கு இந்தியாவில் 2 சதவீதம் என்று வரம்பு வந்தது. ஆனால் அன்றைக்கு அதைச் செய்தவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வந்து கடிப்பது இந்த வளைவுகளுக்கு அருகில்தான். ஓலீக் காறிப்போகும் வேகத்தை ஒன்று என்று வைத்தால் லினோலீக்குக்குப் பத்து, லினோலெனிக்குக்கு இருபதுக்கு மேல். டிஹெச்ஏவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சந்தையிலிருந்து வாங்கிவந்த மத்தி மீன் சாயங்காலத்துக்குள் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ராணுவத்துக்குச் சமைப்பவனின் முதல் கவலை அலமாரி. அமெரிக்க ராணுவத்தின் பொட்டலச் சாப்பாடு 27 டிகிரி வெப்பத்தில் மூன்று வருடம் தாங்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 38 டிகிரியில் வைத்தாலும் ஆறு மாதம் கெடக்கூடாது. மைசூரில் 1961 முதல் நம் ராணுவத்துக்கென்றே இயங்கும் உணவு ஆய்வுக்கூடத்துக்கும் இதே தலைவலிதான். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டீர்கள். ஒமேகா-3 நிறைந்த எண்ணெயை அந்தக் கணக்குக்குள் எளிதில் கொண்டுவர முடியாது. சிக்கு வாடை அடிக்கும் டின்னைப் பிரித்துவைத்துக்கொண்டு எந்த சிப்பாய் சாப்பிடுவான்?

இதில் ஒரு குரூரம் உண்டு. 1929-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பர் என்ற கணவனும் மனைவியும் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டு வளர்த்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வால் புண்ணானது, வளர்ச்சி நின்றது. லினோலீக் அமிலத்தைச் சில சொட்டு கொடுத்ததும் தேறின. உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாத கொழுப்பும் உண்டு என்று தெரிந்தது அப்போதுதான். லினோலீக்கும் லினோலெனிக்கும் அந்த வகை. அதாவது, உடம்புக்கு வெளியிலிருந்து கட்டாயம் வந்தாக வேண்டியவை எவையோ, அவைதான் முதலில் கெடுகின்றன.

இனி அந்த வாட்ஸ்அப் செய்தி. பாதி உண்மை. 2011-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பணியில் இருந்தபோது தற்கொலை செய்துகொண்ட 800 பேரின் சேமிப்பிலிருந்த ரத்தத்தையும் வேறு 800 சிப்பாய்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். டிஹெச்ஏ குறைவாக இருந்தவர்களிடையே தற்கொலை அதிகமாகத் தெரிந்தது. ஆனால் இன்னொன்றையும் கவனித்தேன்: இரு தரப்பிலுமே டிஹெச்ஏ மிகக் குறைவு. 2014-இல் அங்கே ஒரு ராணுவ மருத்துவ இதழ் இந்தக் கொழுப்பு விஷயத்துக்கென்றே ஒரு தனி இணைப்பு போட்டது. கோழித் தீனியையும் சமையல் எண்ணெயையும் மாற்றினால் சிப்பாயின் ரத்தத்தை மாற்றலாம் என்ற யோசனை அதிலும் உண்டு.

ஆனால் ரத்தத்தில் குறைவு என்பது ஒன்று, கொடுத்தால் குணமாகும் என்பது வேறொன்று. 2021-இல் ஐம்பது வயது தாண்டிய 18,353 பேருக்கு ஐந்து வருடத்துக்கு மேல் மீன் எண்ணெயும் வெற்று மாத்திரையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்த முடிவு வந்தது. மனச்சோர்வை அது தடுக்கவில்லை. அவர்கள் சிப்பாய்கள் அல்ல, வயதானவர்கள், சரிதான். இருந்தாலும் சிப்பாயின் மனம் உடைவதை எண்ணெய்க் கணக்காக மட்டும் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. விடுப்பு கிடைக்காததும் வீட்டிலிருந்து வரும் போனும் எந்த ரத்தப் பரிசோதனையில் தெரியும்? இது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

செடியில் மீன் எண்ணெய் என்பது உண்மை. அந்தக் கதையை எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அது தொடங்கியதே ராணுவத்தில்தான்.

ரேப் என்று ஒரு கடுகு வகை. அதன் எண்ணெய் நீராவியும் தண்ணீரும் பட்ட உலோகத்திலும் வழுக்கிப்போகாமல் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுக் கப்பல்களின் நீராவி எந்திரங்களுக்கு மசகு எண்ணெய் வேண்டியிருந்தது. 1942-இல் கனடா விவசாயிகளை அதைப் பயிரிடச் சொன்னார்கள். போர் முடிந்தது, கப்பல்கள் டீசலுக்கு மாறின. இவ்வளவு விதையை என்ன செய்வது? சமையலுக்கு விடலாம் என்றால் அதில் எருசிக் அமிலம் என்ற ஒன்று பாதியளவு இருந்தது, அது எலிகளின் இதயத்தைப் பாதித்தது.

கனடாவின் சஸ்கடூன் நகரில் கீத் டவுனி என்ற பயிர் விஞ்ஞானி 1963-இல் ஒரு வேலை செய்தார். ஊறவைத்த விதையில் ஒரு வித்திலையை மட்டும் கிள்ளி எடுத்து அதன் எண்ணெயை அளந்தார். முளையோடு இருந்த மறுபாதியை மண்ணில் ஊன்றினார். கடுகை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அதில் பாதி! எண்ணெய் சரியில்லை என்றால் அந்தப் பாதியைத் தூக்கிப்போட்டுவிடலாம், சரியாக இருந்தால் அதே விதை செடியாக வளர்ந்து நிற்கும். ஒரு பருவம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதை ஒரு மேசையில் முடித்துவிட்டார்கள். கோவையில் மாணவனாக இருந்தபோது நானும் சின்ன இடுக்கி வைத்துக்கொண்டு இதை முயன்றேன். இருபது விதையில் நான்கு முளைத்தன. ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துவிட்டுப் போனார்.

1968-இல் எருசிக் குறைந்த ரகம் வந்தது. 1974-இல் புண்ணாக்கின் காரமும் குறைந்த ரகத்தை பால்டர் ஸ்டெஃபான்சன் என்ற இன்னொரு கனடா விஞ்ஞானி கொடுத்தார். அதைத்தான் இன்று கனோலா என்கிறார்கள். இதுவரைக்கும் மரபணு மாற்றம் எதுவும் இல்லை, தேர்வும் ஒட்டும்தான்.

அடுத்து, வேறு பயிர்களில் ஒமேகா-3க்கு எதிர்த்திசையில் ஓடினார்கள். ஆஸ்திரேலியாவில் ஆலன் கிரீன் 1980களில் ஆளிச் செடியை ரசாயனத்தால் திடீர் மாற்றத்துக்கு உள்ளாக்கி, இரண்டு மாற்றச் செடிகளை ஒட்டுச் சேர்த்து, லினோலெனிக் அமிலம் கிட்டத்தட்ட இல்லாத ஆளியை உண்டாக்கினார். ஐம்பது சதவீதம் இருந்தது இரண்டுக்குக் கீழே வந்தது. நோக்கம் கெடாத சமையல் எண்ணெய். சோயாவிலும் லினோலெனிக்கைக் குறைத்தார்கள். ஒமேகா-3ஐ விதையிலிருந்து வெளியேற்ற விஞ்ஞானிகள் பாடுபட்ட காலம் அது. அப்புறம் அதே ஆஸ்திரேலியாவில்தான் கடல் நுண்பாசிகளின் மரபணுக்களைக் கனோலாவில் சேர்த்து, விதையிலேயே டிஹெச்ஏ உண்டாகும்படி செய்தார்கள். 2018-இல் அங்கே சாகுபடிக்கு அனுமதி கிடைத்தது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையம் கேமலினா என்ற கடுகு உறவுச் செடியில் இதையே செய்தது. மீனும் டிஹெச்ஏவைப் பெரும்பாலும் பாசியிலிருந்துதான் பெறுகிறது, ஆகவே செடிக்கு வந்தது மூலச் சரக்கு என்று சொல்லலாம். கப்பலுக்கு மசகு கொடுத்த விதை இன்று மீனின் வேலையைப் பார்க்கிறது. நம் ஊருக்கு உடனே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்பு எழுதினார்கள்.

உங்கள் ராஜஸ்தான் நண்பருக்கு வருகிறேன். செடியிலிருந்து வரும் லினோலெனிக் அமிலத்தை நம் உடம்பு மீன் கொழுப்பாக மாற்றிக்கொள்ளும், ஆனால் பெரிய கஞ்சத்தனத்தோடு. டிஹெச்ஏ வரைக்கும் போய்ச்சேருவது நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. காரணம், ஒமேகா-6க்கும் ஒமேகா-3க்கும் ஒரே நொதிதான் வேலை செய்கிறது. ஒரே கவுன்டர், இரண்டு வரிசை. சூரியகாந்தி எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிற வீட்டில் ஒமேகா-6 வரிசை தெருமுனை வரை நிற்கும்.

எனக்குப் பிடித்த பயிர்ப்பெருக்க வேலை இங்கேதான் இருக்கிறது, அது நம் நாட்டிலேயே நடந்தது. உங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்பீர்களே, அந்த நிலக்கடலையில். ஓலீக்கை லினோலீக்காக மாற்றும் மரபணு கடலையில் இரண்டு பிரதி உண்டு. இரண்டும் பழுதானால் எண்ணெய் ஓலீக்கிலேயே நின்றுவிடும். ஃபுளோரிடாவில் 1980களில் அப்படி ஒரு செடி கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பழுதை நம் ரகங்களுக்குள் ஒட்டுச் சேர்த்துக் கொண்டுவந்து, குஜராத்தின் ஜூனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி இயக்குநரகமும் ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிலையமும் கிர்னார் 4, கிர்னார் 5 என்ற ரகங்களை 2020-இல் வெளியிட்டன. ஓலீக் சுமார் 80 சதவீதம். இதில் செய்த கடலை மிட்டாய் சாதாரணக் கடலை மிட்டாயைவிட நெடுநாள் சிக்கு வாடை அடிக்காமல் இருக்கும். கூடவே கவுன்டரில் ஒமேகா-6 வரிசையும் குறையும், சாப்பிடுகிற கொஞ்சம் ஒமேகா-3க்கு வழி கிடைக்கும். லினோலீக்கைக் குறைப்பது இதயத்துக்கு நல்லதா என்று நிபுணர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

அதனால் என் கட்சி இது: மூன்று வருடம் தாங்க வேண்டிய பொட்டலத்துக்குள் ஒமேகா-3ஐத் திணிக்க வேண்டாம். பொட்டலத்துக்கு ஓலீக் நிறைந்த கடலை. தினமும் அடுப்பெரிகிற லங்கருக்கு கடுகெண்ணெய், அதிலும் டெல்லி பூசா வேளாண் ஆய்வு நிலையம் எருசிக் குறைத்து உண்டாக்கிய கடுகு ரகங்களின் எண்ணெய். அதில் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் லினோலெனிக் இருக்கிறது. மீன் சாப்பிடுகிறவனுக்கு மத்தி. உங்கள் நண்பரைப்போன்ற சைவக்காரருக்குப் பாசியிலிருந்து எடுத்த டிஹெச்ஏ மாத்திரை ஏற்கனவே கடையில் இருக்கிறது. செடியில் விளையும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

பேரன் விஷயம். அவன் மீன் தின்கிறவனா? அப்படியானால் அந்தக் காசுக்கு வாரத்தில் இரண்டு நாள் மத்தி வாங்கித் தின்னச் சொல்லுங்கள். மாத்திரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ரத்தச் சிவப்பணுக்களில் இந்தக் கொழுப்பின் அளவு முழுதாக மாற மூன்று நான்கு மாதம் பிடிக்கும் என்று சொல்லிவையுங்கள். ஓட்டப் பரீட்சைக்கு முந்தின வாரம் விழுங்கிப் பிரயோஜனமில்லை. ஒரு மாத்திரையைக் கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பெயின்ட் வாடை அடித்தால் புட்டியைக் குப்பையில் போடட்டும், அது எப்போதோ காறிப்போய்விட்டது.

அன்புடன்.