கொள்ளுத்தாத்தாவின் புத்தகம் லண்டனில் இருக்கிறதாம், எப்படி வாங்குவது?

கேள்வி: நான் திண்டுக்கல்லில் தமிழாசிரியர். என் கொள்ளுத்தாத்தா 1904இல் மதுரையில் ஒரு சிந்து நூல் அச்சிட்டார். 1936இல் காலமானார். வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். இணையத்தில் தேடினால் ஒன்றும் வரவில்லை. ஒரு நகலாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது ஐயா. புத்தகம் லண்டனுக்குப் போயிருப்பதிலும் ஆச்சரியமில்லை. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி இங்கே அச்சான ஒவ்வொரு நூலையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியல்களைப் பார்த்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக் கப்பலில் அனுப்பினார்கள். பெரிய நூல்களோடு நாலணாப் பாட்டுப் புத்தகங்களும் போயின. நம் வீடுகளில் கரையானுக்குப் போனவை அங்கே பிழைத்துக் கிடக்கின்றன.

தேடி வராததற்குக் காரணம் எழுத்துக்கூட்டாக இருக்கலாம். வெளிநாட்டுப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்பு பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் இருக்கும். அதிலும் நாம் வாட்ஸ்அப்பில் தட்டுவதுபோல் இருக்காது. அமெரிக்க நூலகச் சங்கமும் காங்கிரஸ் நூலகமும் வகுத்த முறையில் ச-வுக்கு எஸ் கிடையாது, சி எழுத்துதான். த-வுக்கு டேபிளில் வரும் டீ, பின்னால் எச் சேர்க்கக் கூடாது. ஆக, சிந்து என்பது சி, ஐ, என், டீ, யூ. ழ-வுக்கு அடிக்கோடிட்ட எல். நீங்கள் வெறும் எல் அடித்தாலே போதும். இந்த முறையில் வேர்ல்ட்கேட் தளத்தில் மறுபடி தேடுங்கள். உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான நூலகங்கள் தங்கள் பட்டியலை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கும் இடம் அது. அப்புறம், பிரிட்டிஷ் மியூசியத்தின் (அதன் நூல்கள்தான் பிறகு பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்தன) தமிழ் நூல்களுக்கு பார்னெட்டும் ஜி.யு. போப்பும் தயாரித்த அட்டவணை 1909இல் வெளியானது. இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாகப் படிக்கலாம். உங்கள் நூல் 1904 என்பதால் அதையும் கட்டாயம் புரட்டுங்கள்.

ஆனால் லண்டனுக்கு எழுதும் முன் சென்னையில் கேட்டுவிடுங்கள். நூலகங்கள் ஒன்றுக்கொன்று உதவுவதற்கு இஃப்லா என்ற சர்வதேச நூலகச் சம்மேளனம் 1954 முதல் நெறிமுறைகள் வைத்திருக்கிறது. தன் நாட்டில் அச்சான நூலைக் கேட்பவருக்குக் கொடுப்பது அந்தந்த நாட்டின் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. தமிழுக்கு அந்தப் பொறுப்பைச் சுமக்கும் இடங்களில் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முக்கியமானது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுக்கச் சேர்த்ததை அவர் காலமான பின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றவில்லை. சென்னையிலேயே வைத்து, மைக்ரோஃபிலிம் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். நூலக ஒத்துழைப்பு என்று யாராவது பேசினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். சிந்து, கும்மி போன்ற சிறு நூல்களை அங்கே தேடுவது வீண்போகாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

இங்கே இல்லையென்றால் லண்டன். அசல் புத்தகம் கடல் தாண்டி வராது. அந்த வயதுக் காகிதத்தை யாரும் தபாலில் போடமாட்டார்கள், போடவும் கூடாது. கேட்க வேண்டியது ஸ்கேன். கடிதத்தில் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு மூன்றையும் பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள். அதைவிட முக்கியம் அடுக்குக் குறியீடு, அதாவது புத்தகம் நூலகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்ட பட்டியலில் தரும் எண். ஒருமுறை ஒரு மாணவிக்காக நான் எழுதியபோது குறியீட்டில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. ஆறு வாரம் காத்திருந்து கோப்பைத் திறந்தால், உள்ளே வேறு யாரோ எழுதிய சோதிட நூல். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் மறக்கவில்லை. காப்பி பேஸ்ட் செய்யுங்கள், கையால் தட்டாதீர்கள். முழு நூலுக்கும் என்ன கட்டணம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அந்நூலகத்தின் பல சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின என்பதால், இப்போது எந்தச் சேவை எந்த வழியில் நடக்கிறது என்பதையும் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்புரிமை பற்றிக் கவலை வேண்டாம். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, பிரிட்டனில் 70 ஆண்டு. இரண்டும் கடந்துவிட்டன. இதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள், வேலை சுலபமாகும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருப்பதாகத் தெரிந்தால் பல்கலைக்கழக நூலகங்கள் ஸ்கேன் செய்த நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஹாத்தி டிரஸ்ட் தளத்தில் பாருங்கள். அங்கே ஒரு சிக்கல்: அமெரிக்காவுக்கு வெளியே அச்சான 1904ஆம் ஆண்டு நூல் அங்கிருப்பவர்களுக்குத் திறக்கும், நமக்குத் திறக்காமல் போகலாம். அங்கே உறவினர் யாராவது இருந்தால் அவரிடம் சொல்லி நூலைத் திறந்து பார்க்கச் செய்யுங்கள்.

தனியாளாகக் கேட்டு பதில் வராவிட்டால் விட்டுவிடாதீர்கள். பக்கத்துக் கல்லூரி நூலகரிடம் போய், நூலகத்தின் பெயரில் கேட்கச் சொல்லுங்கள். நூலகம் நூலகத்திடம் கேட்பதற்கு என்றே வழிகள் இருக்கின்றன. 2020 கொரோனா முடக்கத்தின்போது இஃப்லா நூலகர்கள் தொடங்கிய இலவசப் பகிர்வுத் திட்டத்திலும் நூலகர் வழியாகத்தான் கேட்க வேண்டும். அதில் முழு நூல் வராது, கட்டுரையோ ஓர் இயலோ வரும். முன்பின் தெரியாத ஒரு நூலகருக்காக அங்கே ஒருவர் அலமாரி அலமாரியாகத் தேடுவார். நானும் அப்படித் தேடிக் கொடுத்திருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன்.

ஸ்கேன் வந்ததும் அதில் ஒரு பிரதியை ரோஜா முத்தையா நூலகத்துக்கும் கொடுங்கள். மதுரை அச்சகத்தின் பெயர் முகப்பில் இருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.